கட்டைவிரலும் ஜெராய் மலையும்



மேற்கொண்டு படிக்கும் முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். வலக்கையை முன்னே நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, விரலுக்குப் பின்னால் சுவரில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். இப்போது இடக்கண்ணைத் திறந்து வலக்கண்ணை மூடுங்கள். விரல் பக்கவாட்டில் துள்ளியிருக்கும். கை அசையவில்லை, சுவரும் அசையவில்லை. அதே விரலை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து மீண்டும் செய்து பாருங்கள். துள்ளல் பெரிதாகும்.

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் இடைவெளி உள்ளது. அதனால் இரண்டும் ஒரே காட்சியைக் காண்பதில்லை. இரு வேறு காட்சிகளைக் காண்கின்றன. அருகிலுள்ள பொருள் அவ்விரு காட்சிகளிலும் அதிகமாக இடம் பெயர்ந்திருக்கும். தொலைவிலுள்ளது குறைவாகப் பெயர்ந்திருக்கும். அந்தப் பெயர்ச்சியைக் கொண்டு மூளை தொலைவைக் கணிக்கிறது. நமக்குத் தெரியாமலேயே, கண் விழித்திருக்கும் பொழுதெல்லாம் இந்தக் கணக்கு நடந்துகொண்டே இருக்கிறது. இரு படக்கருவிகளை அருகருகே பொருத்திக் கணினிக்குத் தொலைவு காணக் கற்றுக்கொடுப்பவர்கள் பின்பற்றுவதும் இதே முறைதான்.

ஆங்கிலத்தில் இதனை 'டெப்த்' என்கிறார்கள். நம் பாடநூல்களிலும் கலைச்சொல் பட்டியல்களிலும் அது 'ஆழம்' ஆகிவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கிணற்றுக்கு ஆழம் உண்டு, கடலுக்கு ஆழம் உண்டு. எதிரே நிற்கும் மரத்துக்கு ஏது ஆழம்? அதற்குத் தொலைவுதான் உண்டு. 2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது நான் புதிதாகப் பணியில் சேர்ந்திருந்தேன். 2009இல் அம்முடிவு மாற்றப்பட்டுப் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியபோதுதான் எத்தனை சொற்களைத் தேடாமலேயே விட்டிருந்தோம் என்பது புரிந்தது. இத்தனைக்கும் அண்மை, சேய்மை என்பவை தமிழ் இலக்கணத்தின் முதல் படியிலேயே உள்ளன. 'இவன்' அருகில் இருப்பவன், 'அவன்' தொலைவில் இருப்பவன், இடையில் நிற்பவன் 'உவன்'. நம் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழர் பேச்சில் இன்னும் கேட்கலாம். தொலைவைப் பற்றிய பாடத்தை நான் இந்த மூன்று எழுத்துகளிலிருந்துதான் தொடங்குவேன். மாணவர்கள் வகுப்பில் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டி 'உவன்', 'உவள்' என்று கத்திச் சிரிப்பார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்!

இரு கண்களின் காட்சி வேறுபாடுதான் தொலைவு உணர்வைத் தருகிறது என்பதைச் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன். அது 1838ஆம் ஆண்டு. ஒளிப்படக் கலை அடுத்த ஆண்டுதான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது என்பதால் அவரிடம் ஒளிப்படங்கள் இல்லை. இடக்கண்ணுக்குத் தெரிவதுபோல் ஒன்றும் வலக்கண்ணுக்குத் தெரிவதுபோல் ஒன்றுமாகக் கோட்டோவியங்கள் வரைந்து, இரு கண்ணாடிகளின் வழியே தனித்தனிக் கண்ணுக்குக் காட்டினார். தட்டையான கோடுகள் எழுந்து நின்றன.

அதே 1838இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல், அன்னம் என்னும் விண்மீன் குழுவிலுள்ள 61 சிக்னி என்ற விண்மீனின் தொலைவை வெளியிட்டார். அவர் செய்ததும் கட்டைவிரல் சோதனைதான். ஆறு சென்டிமீட்டர் இடைவெளி விண்மீனுக்கு எம்மாத்திரம்? எனவே பூமியையே நடக்க விட்டார். ஆறு மாதத்தில் பூமி கதிரவனின் மறுபக்கம் சென்றுவிடுகிறது. இரு பார்வைகளுக்கும் இடையே ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர். அப்படியும் விண்மீனின் பெயர்ச்சி ஒரு பாகையை 3600 பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவுதான். அவர் கண்ட தொலைவு, இன்று நாம் அறிந்துள்ள 11.4 ஒளியாண்டுக்கு மிக நெருக்கமாகவே இருந்தது. இரண்டாவது கண் இல்லாவிட்டால் என்ன, நகர்ந்து சென்று இன்னொரு முறை பார்த்தால் போதும். நான் எழுத வந்த செய்திக்கு இந்த ஒரு வரி முக்கியம்.

இனி ஒரு மாணவனைப் பற்றி. அவன் பெயரை எழுதப்போவதில்லை. கதிர் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் ஆண்டில் என் வகுப்புக்கு வந்தபோது அவனைப் பற்றிய ஒரு பட்டியலும் கூடவே வந்தது. அமைதியாக அமரமாட்டான், தலையை ஆட்டிக்கொண்டே இருப்பான், பந்து பிடிக்கத் தெரியாது, மைலோவைக் குவளைக்குப் பக்கத்தில் ஊற்றுவான், படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வான், கையெழுத்து மோசம். 'கவனக் குறைவு' என்று யாரோ ஓர் அன்பர் ஏற்கெனவே முத்திரையும் குத்தியிருந்தார்.

அந்தத் தலையாட்டலை நான் சில வாரங்கள் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லா நேரமும் அவன் தலையை ஆட்டுவதில்லை. நூலைப் படிக்கும்போது ஆட்டமாட்டான். பலகையைப் பார்க்கும்போதும் இல்லை. யாரேனும் ஒரு பொருளை நீட்டினால், அதை வாங்கும் முன் இடமும் வலமுமாக மெல்ல இருமுறை அசைவான். படியின் முதல் கல்லில் கால் வைக்கும் முன்னும் அப்படித்தான். அமைதியற்ற பிள்ளையின் ஆட்டத்துக்கு இப்படியொரு ஒழுங்கு இருக்காது.

கும்பிடுபூச்சியைக் கவனித்திருக்கிறீர்களா? புல் நுனியில் முன்னங்கால்களைக் கூப்பியபடி, உடலை இடமும் வலமுமாக ஊசல்போல் ஆட்டும். அது தொலைவை அளக்கிறது. வெட்டுக்கிளியும் தாவும் முன் இதையே செய்கிறது. தலை நகரும்போது அருகிலுள்ள இலை கண்ணில் வேகமாக ஓடும். தொலைவிலுள்ள கிளை மெதுவாக ஓடும். இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போய்க் கும்பிடுபூச்சிக்கு நீலமும் பச்சையுமான குட்டிக் கண்ணாடிகளைத் தேன்மெழுகால் ஒட்டித் திரைப்படம் காட்டினார்கள்! இரு கண்களையும் சேர்த்து அது தொலைவு காண்கிறது என்பதை 2016இல் உறுதிப்படுத்தினர். 2018இல் இன்னொன்றும் வெளியிட்டனர். மனிதர் இரு கண்களின் காட்சிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, அசையாத உருவங்களையும் பொருத்திப் பார்க்கிறோம். கும்பிடுபூச்சியோ காட்சியில் எந்த இடம் மாறுகிறது என்பதை மட்டும் இரு கண்களிலும் ஒப்பிடுகிறது. அசைவது எதுவோ அதன் தொலைவு மட்டும் போதும் அதற்கு. அரிசிமணி அளவு மூளைகூட இல்லாத பூச்சிக்கு இது எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு!

புறப்பாட நேரத்தில் எங்கள் அறிவியல், கணிதக் கழகத்தில் இதை அளந்து பார்ப்பதென்று முடிவு செய்தோம். தேவையானவை ஒரு கைப்பேசி, மூன்று நீர்ப்புட்டிகள், ஓர் அடிக்கோல். வகுப்பறைக்கு வெளியே நடைகூடத்தில் 1 மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர் தொலைவுகளில் புட்டிகளை வைத்தோம். மேசையின் விளிம்பில் தடித்த நூல்களைச் சுவர்போல் அடுக்கி, அதனை ஒட்டிக் கைப்பேசியை நிறுத்தி ஒரு படம் எடுத்தோம். அதே சுவரை ஒட்டி 10 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி மற்றொரு படம். நூல்களை ஏன் அடுக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்கலாம். கைப்பேசி சிறிதளவு திரும்பிவிட்டாலும் எல்லாப் புட்டிகளும் ஒரே அளவு நகர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். நகர்வு வேறு, திருப்பம் வேறு. இதைப் பிள்ளைகள் முதல் முயற்சியிலேயே கண்டுகொண்டார்கள்.

இரு படங்களையும் முழுத்தாளில் அச்சிட்டு, படத்தின் ஓரத்திலிருந்து புட்டிகளின் இடத்தை அளந்தோம். 1 மீட்டரில் இருந்த புட்டி 20 மில்லிமீட்டர் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. 2 மீட்டரில் இருந்தது 10. 4 மீட்டரில் இருந்தது 5. தொலைவையும் பெயர்ச்சியையும் பெருக்கினால் மூன்றுக்கும் 20தான் வருகிறது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இதை முதலில் சொன்னாள். எங்கள் கைப்பேசிக்கும் எங்கள் அச்சுத்தாளுக்கும் உரிய எண் 20. உங்களுக்கு வேறு எண் வரும். ஆனால் மூன்று புட்டிக்கும் அதே எண்தான் வர வேண்டும். பிறகு யாரோ வைத்த நான்காவது பொருளின் பெயர்ச்சியை அளந்தால், நாடா வைத்து அளக்காமலேயே அதன் தொலைவைச் சொல்லிவிடலாம்.

இங்கே நின்று ஒரு கணக்குச் செய்தோம். அளக்கும்போது ஒரு மில்லிமீட்டர் பிசகினால் என்னவாகும்? அருகிலுள்ள புட்டிக்கு 20க்குப் பதில் 19 என்று படித்தால் தொலைவு 1 மீட்டர் 5 சென்டிமீட்டர் ஆகிறது. பெரிய இழப்பில்லை. தொலைவிலுள்ளதற்கு 5க்குப் பதில் 4 என்று படித்தால் 4 மீட்டர் 5 மீட்டராகிவிடுகிறது! ஒரே பிசகு ஓரிடத்தில் ஒரு சாண்கூட இல்லை, மற்றோரிடத்தில் ஒரு முழு மீட்டர். இதனால்தான் தொலைவிலுள்ள பொருள்களை இரு கண்களால் மட்டும் கணிப்பது கடினம். என்ன செய்யலாம் என்று கேட்டேன். "இன்னும் தூரமா நகர்த்தலாம் டீச்சர்" என்றார்கள். 40 சென்டிமீட்டர் நகர்த்தினோம். 4 மீட்டரில் இருந்த புட்டி இப்போது 20 மில்லிமீட்டர் பெயர்ந்தது.

இதற்கிடையில் பள்ளிப் பூனை வந்தது. சிற்றுண்டிச்சாலையிலிருந்து வந்த அது, இரு படங்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில், கடைசிப் புட்டிக்குப் பக்கத்தில் ஓர் எட்டு வைத்துவிட்டது. அந்தப் படங்களைக் குப்பையில் போட நினைத்த மாணவர்களைத் தடுத்து, பூனைக்கும் கணக்குப் போடச் சொன்னேன். பெயர்ச்சி 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 4 மீட்டர் தொலைவில் நின்ற பூனை கணக்கில் 1.6 மீட்டரில் நின்றது. கைப்பேசி வலப்பக்கம் நகர்ந்தபோது பூனை இடப்பக்கம் நடந்துவிட்டதால் வந்த வினை. பூனை வலப்பக்கமாக, கைப்பேசியோடு சேர்ந்து அதே 10 சென்டிமீட்டர் நடந்திருந்தால்? படத்தில் பெயர்ச்சியே இருக்காது. பெயர்ச்சி இல்லையென்றால் நிலவின் தொலைவு என்றுதான் பொருள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் குருண் பக்கம் போகும்போது, செம்பனை மரங்களெல்லாம் பின்னால் ஓட, ஜெராய் மலை மட்டும் பேருந்தோடு கூடவே வருவதாகப் பிள்ளைகள் சொல்வார்களே, அதன் மறுபக்கம் இது. மிகத் தொலைவில் உள்ளது நம்மோடு வருவதுபோல் தோன்றும். நம்மோடு வருவது மிகத் தொலைவில் இருப்பதுபோல் கணக்கில் ஏமாற்றும்.

ஆக, ஒற்றைக் கண்ணை நகர்த்திப் பார்க்கும் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. உலகம் அசையாமல் நிற்க வேண்டும். பூனை நடக்கும் உலகில், பந்து பறந்து வரும் உலகில், மோட்டார் சைக்கிள் குறுக்கே வரும் உலகில் அது போதாது. இரண்டு கைப்பேசிகளை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து ஒரே நொடியில் படம் எடுத்தால் பூனைக்கு நடக்க நேரமிருக்காது. அதன் உண்மையான தொலைவு கிடைத்துவிடும். அடுத்த நொடி மீண்டும் இரண்டு படங்கள். இப்போது நான்கு படங்கள் கையில் உள்ளன. இடம் வலம் ஒப்பிட்டால் தொலைவு, முன் பின் ஒப்பிட்டால் அசைவு. எது அருகில் உள்ளது, எது நகர்கிறது என்பவை தனித்தனியாகப் பிரிந்துவிடும். சுபாரு நிறுவனம் 2008இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய ஐசைட் என்ற அமைப்பு, காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இரு படக்கருவிகளை வைத்து முன்னால் உள்ளவற்றின் தொலைவைக் காண்பதும் இந்த அடிப்படையில்தான்.

இதை விளக்குவதற்கு முன், "ஒரே ஒரு கண்தான் இருக்கிறது. கிட்ட இருப்பது எது, தூரத்தில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கழகத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து கதிர் சொன்னான்:

"தலைய ஆட்டினா தெரியும் டீச்சர். கிட்ட இருக்கறது வேகமா ஓடும், தூரத்துல இருக்கறது மெதுவா ஓடும்."

"உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் சொல்லல. நான் அப்படித்தான பாப்பேன்."

மணி அடித்ததும் அவனைத் தனியே அழைத்தேன். கெட்டியான அட்டை ஒன்றால் அவன் வலக்கண்ணை மூடி, பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னேன். தேதியைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. அட்டையை மாற்றி இடக்கண்ணை மூடினேன், கடகடவென்று படித்தான். இடக்கண்ணைத் தொட்டுக்காட்டி, "இது சும்மா இருக்கற கண்ணு டீச்சர்" என்றான், எல்லாருக்கும் ஒரு கண் அப்படித்தான் இருக்கும் என்பதுபோல! பள்ளியில் நடந்த பார்வைச் சோதனையில் எப்படித் தேறினாய் என்று கேட்டேன். உள்ளங்கையால் கண்ணை மூடச் சொன்னார்களாம். விரல் இடுக்கு வழியே நல்ல கண்ணால் படித்துவிட்டானாம். ஏமாற்ற வேண்டும் என்று செய்ததில்லை. படி என்றார்கள், தெரிந்த வழியில் படித்தான்.

அன்று மாலையே அவன் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். தொழிற்சாலையில் இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாறுகண் இல்லை, கண் சிவக்கவில்லை, வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் எப்படி அறிந்திருக்க முடியும்? இரண்டு வாரத்தில் கண் மருத்துவரிடம் காட்டினார்கள். இடக்கண்ணில் மட்டும் அதிகமான தூரப்பார்வைக் குறை இருந்தது. பிறந்தது முதல் அந்தக் கண் அனுப்பிய மங்கலான காட்சியை மூளை ஒதுக்கிவிட்டு, தெளிவான மறுகண்ணோடு வாழப் பழகியிருக்கிறது. பேச்சு வழக்கில் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். எவ்வளவு அநியாயமான பெயர்! சோம்பியது கண்ணன்று. கண் அனுப்புவதை மூளை படிக்கக் கற்கவில்லை. 1981இல் நோபல் பரிசு பெற்ற ஹியூபல், வீசல் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளைக் கொண்டு காட்டியது இதைத்தான். இளமையில் ஒரு கண்ணை மூடி வைத்தால், பின்னர் திறந்தாலும் மூளையில் அதற்குரிய இடத்தை மறுகண் எடுத்துக்கொண்டிருக்கும்.

இதற்குரிய சிகிச்சையைச் சின்ன வயதில் தொடங்குவதே நல்லது என்பர். கதிருக்கு அப்போது பத்து வயது. காலம் கடந்துவிட்டதோ என்றுதான் தாயார் முதலில் கேட்டார். ஏழு வயதுக்கு மேல் பயனில்லை என்ற பழைய கருத்து மாறியிருக்கிறது. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளில் பலருக்கு முன்னேற்றம் காணப்பட்டது. மூக்குக் கண்ணாடியும், நல்ல கண்ணை நாள்தோறும் இரண்டு மணி நேரம் மூடும் ஒட்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

வீட்டில் பாட்டி ஒப்பவில்லை. நான் நேரில் சென்றபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, நல்ல கண்ண மூடிட்டு, தெரியாத கண்ணால பாருன்னா என்னம்மா நியாயம்? புள்ள விழுந்துற மாட்டானா?" பாட்டியின் கேள்வியில் தவறில்லை. பார்ப்பவர்க்கு அது தண்டனைபோல்தான் தெரியும். எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன்: "பாட்டி, சோற்றுக் கையில் அடிபட்டுக் கட்டுப்போட்டால் இடக்கையால் சாப்பிட மாட்டோமா? முதல் நாள் சிந்தும். ஒரு மாதத்தில் பழகிவிடும். இந்தக் கண்ணுக்கும் இப்போது அந்த வேலையைக் கொடுக்கிறோம்." பாட்டி முழுதாக நம்பினாரா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஒட்டு போட்டிருக்கும் இரண்டு மணி நேரமும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நாளிதழில் உள்ள பெரிய தலைப்புகளை வாசிக்கச் சொன்னவர் அவர்தான். பேரனுக்கு வாசிப்பும் வளர்ந்தது!

அந்த மாதங்களில் நான் அதிகம் நினைத்துக்கொண்டது செவ்வாய்க் கோளை. 2004 ஜனவரியில் அங்கே இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சுனிட்டி என்ற இரு ஊர்திகளுக்கும் கழுத்து உண்டு. அதன் உச்சியில், வழி காண்பதற்கென 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு படக்கருவிகள் இருந்தன. செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே வானொலிச் செய்தி ஒரு வழி செல்லவே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். 'முன்னால் பாறை, நில்' என்று இங்கிருந்து கத்தினால் அது போய்ச் சேர்வதற்குள் மோதிவிடும். ஆகவே தன் தொலைவைத் தானே காண வேண்டும். அத்தோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணித்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை ஊர்தி அறியும். 2005 ஏப்ரலில் ஆப்பர்சுனிட்டி ஒரு மணல்மேட்டில் புதைந்தது. சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருந்தன. தான் முன்னேறுவதாகவே ஊர்தி நினைத்துக்கொண்டிருந்தது. ஜூனில்தான் மீட்டார்கள். இத்தகைய சறுக்கலைக் கண்டுபிடிக்கக் கண்தான் உதவுகிறது. சிறிது நகர்வதற்கு முன் ஓர் இணைப் படம், நகர்ந்த பின் ஓர் இணைப் படம். அதே கூழாங்கற்கள் இரண்டிலும் எங்கே உள்ளன என்று ஒப்பிட்டால், கற்கள் நகராதவை என்பதால், நகர்ந்தது நாம்தான். எவ்வளவு நகர்ந்தோம் என்பதும் தெரிந்துவிடும். நெடுந்தொலைவிலுள்ள பாறைகளுக்கு 20 சென்டிமீட்டர் போதாதபோது, ஊர்தியைச் சில மீட்டர் தள்ளி நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார்கள். எங்கள் மாணவர்கள் 40 சென்டிமீட்டருக்கு நகர்த்தியதும் அதுவே. இதை வகுப்பில் சொன்னபோது கதிர் கேட்டான்: "அதோட ஒரு கண்ணு கெட்டுப்போச்சுன்னா?" "நகர்ந்து நகர்ந்து பார்க்கும்" என்றேன். அவன் தலையை ஒருமுறை ஆட்டிக்காட்டினான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது, பார்வைக் குறை என்றால் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துங்கள் என்பதோடு பாடம் முடிந்துவிட்டது. ஒரு கண்ணில் மட்டும் உள்ள குறைக்கு முன்வரிசை எந்த உதவியும் செய்யாது. எனவே சக ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடச் சொல்லும்போது பிள்ளையின் கையை நம்பாதீர்கள். அட்டையையோ கரண்டியையோ பயன்படுத்துங்கள். ஒட்டு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கண்ணை மூடும்போது பேசாமல் இருக்கும் பிள்ளை, மறுகண்ணை மூடினால் அழுது கையைத் தட்டிவிடுகிறதா என்று சிறு வயதிலேயே பாருங்கள். நீர் ஊற்றும்போது குவளையின் விளிம்பில் குடுவையை முட்டிப் பார்த்துத்தான் ஊற்றுகிறதா, ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிறதா, பூப்பந்தைத் தொடர்ந்து தவறவிடுகிறதா என்றும் கவனியுங்கள். இவை எல்லாம் கண்ணால்தான் வருகின்றன என்று சொல்லவில்லை. கண்ணை முதலில் பார்த்துவிடுங்கள் என்கிறேன்; 'கவனக் குறைவு' என்ற முத்திரையைப் பிறகு தேடலாம்.

பெரியவர்களுக்கும் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் சூசன் பேரி குழந்தைப் பருவம் முதல் மாறுகண்ணோடு வாழ்ந்தவர். 48ஆம் வயதில் கண்பயிற்சி மேற்கொண்டபோது, ஒருநாள் காரில் ஏறி அமர்ந்தவருக்குத் திசைமாற்றி வளையம் தனித்து முன்வந்து நின்றதாம். அவரைப் பற்றி மருத்துவ எழுத்தாளர் ஆலிவர் சாக்ஸ் 2006இல் எழுதினார். 2009இல் அவரே நூலும் வெளியிட்டார். ஆனால் கதிரின் தாயாரிடம் இந்தக் கதையை நான் அளவோடுதான் சொன்னேன். ஒருவருக்கு நேர்ந்தது எல்லாருக்கும் நேரும் என்று வாக்களிக்க நான் மருத்துவரில்லை.

இப்போது கதிர் ஐந்தாம் ஆண்டில் இருக்கிறான். இடக்கண்ணால் எழுத்துப் பலகையில் முன்பைவிட மூன்று வரிகள் கூடுதலாகப் படிக்கிறான். கையெழுத்து இன்னும் மோசம்தான். அதற்கும் கண்ணுக்கும் தொடர்பில்லை என்பது இதனால் தெளிவாகிறது! பந்தை இரு கைகளாலும் பிடிக்கிறான், மெதுவாக வீசினால்.

மருத்துவமனையில் ஒரு சோதனை உண்டாம். தனிவகைக் கண்ணாடியை அணிவித்து, பக்கம் முழுதும் ஒரு பெரிய ஈயின் படத்தைக் காட்டுவார்கள். இரு கண்களையும் சேர்த்துக் காணும் பிள்ளைக்கு ஈயின் சிறகு தாளிலிருந்து எழும்பி நிற்கும். பிடி என்றால் காற்றில் பிடிக்கும். சேர்த்துக் காணாத பிள்ளை தாளையே தொடும். முதல் முறை கதிர் தாளைத் தொட்டான். அதற்கடுத்த முறையும் தாளைத்தான் தொட்டான். பள்ளி விடுமுறையில் சென்றபோது, விரல் தாளுக்குச் சற்று மேலே நின்றதாகத் தாயார் சொன்னார். பக்கத்திலிருந்த சிறு வட்டங்களில் எது எழும்பி நிற்கிறது என்று மருத்துவர் கேட்டதற்கு எதுவுமே இல்லை என்றானாம். ஈ பெரியது, பெயர்ச்சியும் பெரியது; வட்டங்களில் பெயர்ச்சி மிகச் சிறியது. ஒட்டைத் தொடரச் சொல்லி, நான்கு மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். சிறகைத் தொடும் முன் தலையை ஆட்டினானா என்று தாயாரிடம் கேட்டேன்.

"ஆட்டக்கூடாதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு டீச்சர்" என்றார்.